காகிதமும் கடற்கரையும்: கால்பந்து வீரர் பரிமாற்றம் நீண்டுபோன வரலாறு

குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில் உள்ள தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை ஆகியவை கால்பந்தில் ஊறிய மீனவ ஊர்கள். இரவிபுத்தன்துறையின் மைக்கேல் சூசைராஜ் 2018இல் சென்னை சிட்டியிலிருந்து ஜாம்ஷெட்பூருக்கும், 2019இல் கொல்கத்தாவின் ஏடிகே அணிக்கும் போனார். அந்தப் பருவத்தில் ஏடிகே இந்தியன் சூப்பர் லீக் கோப்பையை வென்றது. இத்தகைய கிளப் மாற்றம் ஊருக்கு ஒருநாள் செய்தி. ஆனால் கையெழுத்துக்கு முன் மாதக்கணக்கில் பேச்சு நடப்பது கால்பந்தில் வழக்கம். பணப்பேரம் மட்டும் இதற்குக் காரணமன்று. வீரர்மீது யாருக்கு என்ன உரிமை என்ற கேள்விக்கு வெவ்வேறு காலங்களில் கிடைத்த விடைகள் அடுக்கடுக்காகச் சேர்ந்ததே காரணம் என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

உரிமை கைமாறிய விதம்

இங்கிலாந்தில் 1885இல் சம்பளத்துக்கு ஆடுவது அனுமதிக்கப்பட்டது. 1893 முதல், ஒப்பந்தம் முடிந்த வீரரையும் கிளப் பிடித்துவைத்துக்கொள்ளலாம் என்ற முறை வந்தது. பேரம் பெரும்பாலும் இரு நிர்வாகங்களுக்கு இடையிலேயே முடிந்தது. வீரர் ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் நியூகாசில் கிளப்புக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் 1963இல் நீதிமன்றம் அம்முறையை நியாயமற்ற தொழில்தடை என்றது. 1995 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம், வீரர் போஸ்மனின் வழக்கில், ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கிடையே ஒப்பந்தம் முடிந்து செல்லும் வீரருக்காகப் பழைய கிளப் பணம் கேட்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அதன்பின், ஒப்பந்தத்தில் மிச்சமிருக்கும் காலமே விற்பனைப் பொருளானது. ஒப்பந்தத்தின் கடைசி ஆறு மாதத்தில் வேறு கிளப்புடன் வீரர் நேரடியாகப் பேசலாம் என்பதால், காத்திருப்பதே அவருக்கு ஒரு பலமானது.

இன்றைய பேச்சின் அடுக்குகள்

இப்போது ஒரே நேரத்தில் மூன்று பேச்சுகள் நடக்கின்றன: கிளப்புக்கும் கிளப்புக்கும் இடையில் ஒன்று, புதிய கிளப்புக்கும் வீரருக்கும் இடையில் ஒன்று, முகவரின் பங்கு குறித்து ஒன்று. தொகை தவணைகளாகவும், ஆடும் ஆட்டங்களுக்கேற்ற ஊக்கத்தொகையாகவும், மறுவிற்பனையில் ஒரு பங்காகவும் பிரிகிறது. உடல் பரிசோதனையில் தேறினால்தான் ஒப்பந்தம் செல்லும் என்று எழுத ஃபிஃபா விதி இடம் தருவதில்லை. எனவே பரிசோதனையைக் கையெழுத்துக்கு முன்பே முடித்தாக வேண்டும். விற்கும் கிளப் தனக்கு மாற்று வீரர் கிடைக்கும்வரை விடைகொடுக்கத் தயங்கும். அதனால் ஒரு பேரம் இன்னொன்றை எதிர்நோக்கி நிற்கிறது. நாடு கடக்கும் பரிமாற்றங்களுக்கு 2010 முதல் ஃபிஃபாவின் இணையப் பதிவு கட்டாயம். அதில் இரு கிளப்களும் தரும் விவரங்கள் ஒத்துப்போக வேண்டும்.

இந்தியாவில் இந்த அடுக்குகள் மோதிக்கொண்ட இடம் வீரர் அன்வர் அலியின் 2024 வழக்கு. டெல்லி எஃப்சியிலிருந்து நீண்டகாலக் கடனாக மோகன் பகானுக்கு வந்தவர், அதை முறித்துக்கொண்டு ஈஸ்ட் பெங்காலுக்குப் போனார். கடன் ஒப்பந்தம் ஓராண்டைத் தாண்டலாமா என்பது விவாதத்துக்குள்ளானது. செப்டம்பரில் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் குழு அவருக்கு நான்கு மாதத் தடை விதித்தது. அவரும் டெல்லி எஃப்சி, ஈஸ்ட் பெங்கால் கிளப்களும் மோகன் பகானுக்கு 12.90 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றது. விவகாரம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அந்த ஆணை நிலைக்கவில்லை. அவசரத்தில் தெளிவாக எழுதாமல் விடும் நிபந்தனை, பிறகு வீரரின் ஆடும் காலத்தையே தின்றுவிடக்கூடும்.

வளர்த்த ஊரின் பங்கு

வீரரை 12 முதல் 23 வயதுவரை பயிற்றுவித்த கிளப்களுக்கு, நாடு கடக்கும் பரிமாற்றத் தொகையில் 5 விழுக்காட்டைப் பகிர்ந்தளிக்க ஃபிஃபா விதி சொல்கிறது. அதற்குச் சான்று, 12 வயதிலிருந்து வீரர் பதிவுபெற்ற கிளப்களைக் காட்டும் ஆவணம். மணலில் பந்து தொடும் சிறுவனின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறாவிட்டால், அவனை ஆளாக்கிய ஊர்க் கிளப் இந்தக் கணக்கில் வராது. ஆகவே குமரிக் கடற்கரைக் கிளப்கள் தங்கள் சிறுவர்களை முறையாகப் பதிவுசெய்வதும், அவர்கள் கையெழுத்திடும் ஒப்பந்தங்களைப் படித்துச் சொல்ல ஆள் வைப்பதும் இன்றைய முதல் தேவை. பேச்சு மெதுவாக நடப்பதில் தவறில்லை. அதில் வளர்த்தவருக்கு இடமில்லாமல் போவதே அநீதி.