கழுத்தில் தொங்கும் அந்த ட்யூபின் கதை

1/
டயாலிசிஸ் செய்துகொள்ளும் சிலருக்குக் கழுத்தில் ஒரு ட்யூப் இருப்பதைப் பார்த்திருப்பீங்க. அதுதான் கதீட்டர். டயாலிசிஸ் என்றாலே எல்லாரும் மெஷினைப் பற்றித்தான் பேசுவோம். ஆனா மெஷின் வந்த பிறகும் டாக்டர்கள் பல வருஷம் திணறியது வேறொரு கேள்வியில். ரத்தத்தை எந்த வழியா எடுப்பது? அந்த வழி அடைக்காம, கிருமி தொற்றாம எப்படிக் காப்பது?

2/
1943, ஜெர்மனியின் பிடியில் இருந்த நெதர்லாந்து. டாக்டர் வில்லெம் கோல்ஃப், செலோஃபேன் குழாயை ஒரு உருளையில் சுற்றி செயற்கை சிறுநீரகம் செய்தார். 1945ல் அதனால் 67 வயதுப் பெண் ஒருவர் பிழைத்தார்.

ஆனா ஒவ்வொரு தடவையும் புதுசா ஒரு ரத்தக்குழாயைத் திறக்கணும். குழாய்கள் தீர்ந்தா சிகிச்சையும் முடிஞ்சுது. கிட்னி நிரந்தரமா செயலிழந்தவங்களுக்கு வழியே இல்லை.

3/
1960, அமெரிக்காவின் சியாட்டில். டாக்டர் பெல்டிங் ஸ்க்ரிப்னர், கையின் தமனியில் ஒன்றும் சிரையில் ஒன்றுமாக டெஃப்லான் குழாய்களை நிரந்தரமா வைத்து, வெளியே இரண்டையும் இணைத்துவிட்டார். டயாலிசிஸ் அன்று கழற்றி மெஷினில் மாட்டினா போதும். முதல் நோயாளி கிளைட் ஷீல்ட்ஸ் அதன்பின் 11 வருஷம் வாழ்ந்தார்.

ஆனாலும் தோலைத் துளைத்து நிற்கும் பிளாஸ்டிக். அடைப்பும் தொற்றும் விடவே இல்லை.

4/
1961ல் லண்டனில் ஸ்டான்லி ஷால்டன் தொடை ரத்தக்குழாயில் கதீட்டர் போட்டார். இன்றைய கதீட்டருக்கு முன்னோடி அதுதான்.

1966ல் நியூயார்க்கின் பிரெஷியா, சிமினோ குழு பிளாஸ்டிக்கே வேண்டாம்னு முடிவெடுத்தாங்க. மணிக்கட்டில் தமனியையும் சிரையையும் தைத்து இணைத்தாங்க. அதுதான் ஃபிஸ்டுலா. இன்றும் பெரும்பாலானோருக்கு முதல் தேர்வு அதுவே.

5/
அப்போ ஏன் இன்னும் கதீட்டர்? ஃபிஸ்டுலா பழுத்துப் பயன்பட வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். மூச்சுத்திணறலோடு அவசரமா வருபவருக்கு அந்த நேரம் இல்லை.

ஒரு டயாலிசிஸுக்கும் அடுத்ததுக்கும் நடுவே கதீட்டர் சும்மா கிடக்கும். உள்ளே ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் நிரப்பி மூடுவோம். இதற்குப் பெயர் 'லாக்'. ஆனா ஹெப்பாரின் கிருமியைக் கொல்லாது.

6/
மாற்றாக வந்தது சிட்ரேட். அடர்த்தி அதிகமான சிட்ரேட் ரத்தத்தில் கலந்தால் கால்சியம் சட்டென இறங்கி இதயமே நிற்கலாம். 2000ல் ஒரு மரணத்துக்குப் பின் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரித்தது. பிறகு 4 சதவீத சிட்ரேட் புழக்கத்துக்கு வந்தது.

2011ல் கனடாவில் ஓர் ஆய்வு. வாரம் ஒருமுறை ஹெப்பாரினுக்குப் பதில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை வைத்தார்கள். கதீட்டர் பழுது 35 சதவீதத்திலிருந்து 20 ஆனது. ரத்தத்தில் தொற்றும் 13லிருந்து 5க்கும் கீழே போனது. ரத்தக்கட்டிதான் கிருமிக்கு வீடு. வீட்டைக் கலைச்சா கிருமிக்கும் இடமில்லை.

2023ல் கிருமியைக் கொல்லும் டாரோலிடின், ஹெப்பாரின் இரண்டும் சேர்ந்த லாக் மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

7/
இத்தனை மருந்து வந்தாலும் அடிப்படை மாறலை. கதீட்டரைத் தொடும் கை சுத்தமா இருக்கணும், திறக்கும்போது எல்லாரும் மாஸ்க் போடணும், மூடியை ஒவ்வொரு முறையும் கிருமிநாசினியால் துடைக்கணும்.

உங்க வீட்டில் கதீட்டரோடு யாராவது இருந்தா:
▪ அந்த இடம் நனையக் கூடாது
▪ அந்த ட்யூப் வழியா வேறு ஊசி, டிரிப்ஸ் போட விடாதீங்க
▪ குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தா, மாத்திரை போட்டுக் காத்திருக்காம அன்றே ஆஸ்பத்திரிக்கு வாங்க

8/
கிட்னி பாதிப்பு முற்றிக்கொண்டு வருதுன்னு டாக்டர் சொன்னா, "ஃபிஸ்டுலா எப்போ போடலாம்?"னு நீங்களே கேளுங்க. அந்தக் கையில் ஊசி குத்த விடாதீங்க. கதீட்டர் உயிரைக் காப்பாற்றும். ஆனா அதுக்கான தேவையே வராம பார்த்துக்கிட்டா இன்னும் நல்லது.