கொடைக்கானல் சூரியப் படக் காப்பகமும் கட்டளை வரிக் கணிமையும்

கொடைக்கானல் சூரியப் படக் காப்பகம், பழனி மலையில் 2,343 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1904 முதல் நூறாண்டுக்கு மேல் எடுக்கப்பட்ட சூரிய ஒளிப்படங்களின் தொகுப்பு. இது இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் பொறுப்பில் உள்ளது. சூரியப் புள்ளிகள் பெருகிக் குறையும் ஒரு சுழற்சிக்கு ஏறத்தாழ 11 ஆண்டுகள் ஆகும். 14ஆம் சுழற்சி முதல் 23ஆம் சுழற்சி வரை பத்துச் சுழற்சிகள் இத்தொகுப்பில் பதிவாகியுள்ளன. இத்தகைய படங்களைக் கையாள எழுதப்பட்ட மென்பொருள்களில் பல இரண்டு, மூன்று சுழற்சிக் காலத்திற்குள்ளேயே பழையவையாகிவிட்டன. நீண்டகாலப் பதிவுக்கும் குறுகிய ஆயுளுள்ள கருவிக்கும் இடையிலான இந்த இழுபறியும், அதற்கு விடையாக, கட்டளைகளைத் தட்டச்சு செய்து கணினியை இயக்கும் கட்டளை வரிக்குத் திரும்பும் வழக்கமும் காப்பகத்தின் வரலாற்றோடு பிணைந்தவை.

பின்னணி

ஆய்வகத்தின் வேர் சென்னையில் உள்ளது. வில்லியம் பெட்ரி 1786இல் சொந்த முயற்சியில் தொடங்கிய வானாய்வகத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனி ஏற்றது. 1792இல் நுங்கம்பாக்கத்தில் அதற்குக் கட்டடம் எழுந்தது. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய தாது வருடப் பஞ்சத்துக்குப் பின், பருவமழைக்கும் சூரியனுக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி வலுத்தது. சூரியனை இடைவிடாது பார்ப்பதற்கு மாசற்ற மலைக்காற்று வேண்டும் என்பதால் சார்லஸ் மிக்கி ஸ்மித் தென்னிந்திய மலைகளில் இடம் தேடி, இறுதியில் கொடைக்கானலைத் தேர்ந்தார். 1895இல் சென்னை மாகாண ஆளுநர் வென்லாக் அடிக்கல் நாட்டினார். 1899 ஏப்ரல் 1 முதல் ஆய்வகம் மலையில் இயங்கத் தொடங்கியது. ஜான் எவர்ஷெட் 1909 ஜனவரியில் சூரியப் புள்ளிகளிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதை இங்குதான் கண்டறிந்தார். அந்நிகழ்வு இன்றும் எவர்ஷெட் விளைவு என்றே அறியப்படுகிறது.

தகடுகளும் பிலிமும்

காப்பகத்தில் கண்ணாடித் தகடுகளிலும் பிலிமிலும் எடுத்த மூவகைப் படங்கள் முதன்மையானவை. முதலாவது, சூரியனின் முழு வட்டையும் காட்டும் வெண்ணொளிப் படங்கள். 1918 முதல் இவற்றுக்கு 15 சென்டிமீட்டர் வில்லை பயன்பட்டது. அதில் விழும் சூரிய உரு 20 சென்டிமீட்டருக்குச் சற்றே அதிகமான விட்டம் கொண்டது. இரண்டாவது, 393.37 நானோமீட்டர் அலைநீளத்தில் எடுத்த கால்சியம் கே படங்கள். இவற்றில் சூரிய உரு 6 சென்டிமீட்டர்; காந்தப்புலம் வலுவாக உள்ள இடங்கள் வெண்மையாக ஒளிரும். மூன்றாவது, 1912இல் தொடங்கிய ஹைட்ரஜன் ஆல்ஃபா படங்கள். இவற்றோடு சூரியனின் அம்சங்களை வண்ணம் பிரித்துக் கையால் வரைந்த சூரிய வரைபடங்களும் உண்டு. மேகம் மூடிய நாட்கள் தவிர மற்ற நாட்களில் காலைதோறும் இப்பணி நடந்தது. மகன் வேலைக்கு வந்த காலத்தில் தந்தை எடுத்த தகடும் அதே அலமாரியில் இருக்கும் அளவுக்கு இது நீண்ட பணி. 2008இல் நிறுவப்பட்ட இரட்டைத் தொலைநோக்கி சிசிடி உணரியால் நேரடியாகக் கணினியில் படம் பதியத் தொடங்கியதும், கண்ணாடியும் பிலிமும் ஏறத்தாழ ஓய்வு பெற்றன.

மின்னாக்கம்

கால்சியம் படங்களின் முதல் மின்னாக்கம் 8 பிட் அளவில் நடந்தது. இதில் ஒரு புள்ளியின் ஒளியளவு 256 படிகளுக்குள் அடங்கிவிடும். விளிம்பை நோக்கி மெல்ல மங்கும் சூரிய வட்டுக்கு இது போதவில்லை. ஆகவே தகடுகள் மீண்டும் வெளியே எடுக்கப்பட்டு, சீரான ஒளிமூலத்தின் முன் வைத்து, 4096க்கு 4096 புள்ளிகள் கொண்ட சிசிடி கேமராவால் 16 பிட் அளவில் படியெடுக்கப்பட்டன. இதில் 65,536 படிகள் உள்ளன. ஒரு படம் மட்டுமே 3.3 கோடி பைட்டுக்கு மேல் இடம் பிடிக்கும். வட்டின் மையத்தையும் ஆரத்தையும் கணித்தல், விளிம்பு மங்கலை நீக்குதல், படத்தின் வடக்கைச் சரிசெய்தல் ஆகியவை அடுத்த பணிகள். 2013 முதல் இப்படங்களைக் கொண்டு சூரியப் புள்ளிப் பரப்பு, கால்சியம் ஒளித்திட்டுகள் ஆகியவற்றின் நூற்றாண்டுக் கணக்குகள் வெளிவந்துள்ளன.

மறு மின்னாக்கம் சாத்தியமானதற்குக் காரணம், முதல் படி எடுத்த பின்னும் தகடுகளைத் தூக்கி எறியாமல் வைத்திருந்ததே. படியெடுத்தாகிவிட்டது என்று மூலத்தைக் கைவிட்டிருந்தால் 256 படிகளே இறுதிச் சொல்லாக நின்றிருக்கும்.

கோப்பு வடிவம்

வானியலில் படங்களைச் சேமிக்க உலகெங்கும் வழங்கும் வடிவம் ஃபிட்ஸ். 1979இல் உருவாகி 1981இல் வெளியிடப்பட்ட இதை அனைத்துலக வானியல் சங்கம் 1982இல் ஏற்றது. ஒவ்வொரு கோப்பும் 2,880 பைட்டுப் பாளங்களால் ஆனது. முதற்பகுதி வெறும் எழுத்துரை. ஒவ்வொரு வரிக்கும் சரியாக 80 எழுத்து. துளையிட்ட அட்டைகளின் காலத்து அகலம் அது. ஒருமுறை ஏற்ற ஃபிட்ஸ் கோப்பை இனி வரும் எந்தத் திருத்தமும் செல்லாததாக்கக் கூடாது என்பது அதன் அடிப்படை விதி. தலைமுறைகளுக்கான பதிவுக்கு இதைவிடப் பொருத்தமான வாக்குறுதி அரிது.

தலைப்பகுதி எழுத்துரையாக இருப்பதன் பயன் பெரியது. அதை வாசிக்க வானியல் மென்பொருள் எதுவும் வேண்டாம். யூனிக்ஸ் முனையத்தில் 'ஃபோல்ட்' கட்டளைக்கு 80 என்று அகலம் தந்தால், வரி வரியாகத் தேதி, புள்ளிகளின் எண்ணிக்கை, பிட் அளவு எல்லாம் திரையில் விரியும். படப்பகுதிக்குச் சில விதிகள் தெரிய வேண்டும். எண்கள் பெரிய பைட்டு முதலில் வரும் வரிசையில் உள்ளன. குறியில்லா 16 பிட் எண்களாயின் 32,768 கூட்டிப் படிக்க வேண்டும். இதை மறந்த நிரல் படத்தின் மங்கலான பகுதிகளை எதிர்மறை எண்களாகக் காட்டிவிடும்.

மென்பொருள்களின் ஆயுள்

சூரியவியலாளர்கள் நெடுங்காலம் சார்ந்திருந்தது ஐடிஎல். 1977இல் பிறந்த இந்த மொழி வணிகப் பொருள். பல நிறுவனங்களின் கைமாறி வந்தது. உரிமம் தீர்ந்தால் நிரல் இருந்தும் ஓடாது. அதன் தனி வடிவில் சேமித்த கோப்புகளை இப்போது பைத்தான் நூலகம் ஒன்றாலும் திறக்கலாம். விண்மீன் வானியலில் அதே இடம் அமெரிக்காவின் கிட் பீக் தேசிய வானாய்வகம் 1981இல் எழுதத் தொடங்கிய ஐராஃப்புக்கு இருந்தது. கட்டளை வரியிலேயே வாழ்ந்த அம்மென்பொருளுக்கு, 2013இல் வந்த அதிகாரபூர்வப் பதிப்புக்குப் பின் பல ஆண்டுகள் அடுத்தது வரவில்லை. 2019இல் ஆப்பிள் கணினிகளின் புதிய இயங்குதளம் 32 பிட் நிரல்களைக் கைவிட்டதும், பழைய தொகுப்புகள் அங்கே நின்றுபோயின. மூல நிரல் திறந்திருந்ததால் தன்னார்வலர்கள் அதைப் புதுக் கணினிகளுக்கு ஏற்றபடி பராமரித்து வருகிறார்கள்.

புதியவையும் விதிவிலக்கல்ல. சூரியத் தரவுக்கான சன்பை நூலகம் தன் 1.0 பதிப்பை 2019இல் எட்டியது. பைத்தான் 2 மொழிக்கான ஆதரவு 2020 ஜனவரி 1 அன்று முடிந்தது. அதில் எழுதியவற்றை எல்லாம் மாற்றி எழுத வேண்டியதாயிற்று.

நேரக் கணக்கு

பழைய மென்பொருள் கொடைக்கானல் தரவில் தடுக்கி விழக்கூடிய இடம் தேதியே. ஃபிட்ஸின் தொடக்க வழக்கில் ஆண்டுக்கு இரண்டு இலக்கம் மட்டுமே. காப்பகம் 1907ஐயும் 2007ஐயும் உள்ளடக்கியது. '07' என்றால் எது? நான்கு இலக்க ஆண்டு எழுதும் முறை 1990களின் பிற்பகுதியில் நிலைபெற்று இக்குழப்பத்தைத் தீர்த்தது. யூனிக்ஸ் கணினிகள் 1970 தொடக்கத்திலிருந்து வினாடிகளை எண்ணுகின்றன. 32 பிட் எண்ணில் அந்தக் கணக்கு 1901 டிசம்பர் 13இல் தொடங்கி 2038 ஜனவரி 19இல் முடியும். 1904இன் தகடுகள் அந்த எல்லைக்குள் வருகின்றன. ஆனால் 1970க்கு முந்தைய எதிர்மறை எண்களை ஏற்காத நிரல்களும் உண்டு. நாட்களைத் தொடர்ச்சியாக எண்ணும் ஜூலியன் நாள் எண்ணை வானியலாளர் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடிகாரமும் மாறியது. 1906 ஜனவரி 1 முதல் இந்தியச் சீர்நேரம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய சென்னை நேரம் அதைவிட ஏறத்தாழ 9 நிமிடம் பின்தங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது கடிகாரங்கள் ஒரு மணி முன்னே நகர்த்தப்பட்டு, 1945 அக்டோபரில் பழைய நிலைக்குத் திரும்பின. ஒரு மணிப் பிழை, சூரியன் சுழல்வதால் ஒரு புள்ளியின் இருப்பிடத்தைச் சுமார் அரை பாகை தள்ளிவிடும். கண்ணாடியால் சூரியனைத் தொடரும் கருவியில் நாள் முழுதும் உருவே சுழல்வதால், நேரம் தவறினால் படத்தின் வடக்கும் தவறும்.

கட்டளை வரிக்குத் திரும்புதல்

திரையில் பொத்தானை அழுத்திச் செய்த வேலை எங்கும் எழுதப்படுவதில்லை. கட்டளை வரியில் செய்த வேலை எழுத்தாகவே நிற்கிறது. ஆயிரக்கணக்கான படங்களுக்கு ஒரே திருத்தத்தைச் செய்ய ஒரு சிறு கட்டளைக் கோப்பு போதும்; பத்தாண்டு கழித்து வருபவர் அதைப் படித்து, எந்த வரிசையில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளலாம். சரிபார்ப்புத் தொகையைக் கணக்கிடும் கட்டளை, கணினி வட்டில் கிடந்த கோப்பு ஒரு பிட்டாவது சிதைந்ததா என்று சொல்லும். 'ஃபிட்ஸ்வெரிஃபை' வடிவ விதி மீறலைக் காட்டும். 1969இல் பெல் ஆய்வகத்தில் பிறந்த யூனிக்ஸின் சிறு கருவிகள் இன்றும் அதே பெயரில் இயங்குகின்றன. சன்பை போன்ற புதிய நூலகங்களையும் பலர் முனையத்திலிருந்தே இயக்குகிறார்கள்.

முக்கியத்துவம்

இக்காப்பகம் மூன்று அடுக்குகளாக நிற்கிறது: மலையில் பாதுகாக்கப்படும் தகடு, எவரும் படிக்கக்கூடிய கோப்பு, எழுத்தாகப் பதிந்த செய்முறை. மென்பொருள் இம்மூன்றில் எதுவும் அல்ல; அது வந்து போகும் கருவி. பழைய நிரல் நின்றாலும் செய்முறையைப் படித்து மீண்டும் எழுதலாம். கோப்பு பழுதானால் தகட்டிலிருந்து மீண்டும் படியெடுக்கலாம். தகடு உடைந்தால் மட்டும் அந்த நாளின் சூரியனைத் திரும்பப் பெற வழியில்லை. எளிய பதிவேடுகளிலும் குடும்பப் படங்களிலும்கூட இந்த வரிசை பொருந்தும்: முதலில் மூலம், அடுத்து திறந்த வடிவம், பிறகு எழுதிய செய்முறை, கடைசியில்தான் கருவி.