அசையாத 43 விழுக்காடு: நேபாளக் கருவளச் சரிவில் கருக்கலைப்பின் இடம்

2006-இல் நேபாளத்தின் மணமான பெண்களில் 44 விழுக்காட்டினர் நவீனக் கருத்தடை முறைகளைப் பயன்படுத்தினர். 2011, 2016, 2022 ஆகிய மூன்று தேசியக் கணக்கெடுப்புகளிலும் அந்த அளவு 43-ஐ விட்டு அசையவில்லை. அதே காலத்தில் மொத்தக் கருவள வீதம் 3.1-இலிருந்து 2.6, 2.3, 2.1 என்று படிப்படியாக இறங்கியது. நவீனக் கருத்தடை கூடாமலே பிள்ளைப்பேறு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது எப்படி என்பதற்குப் பெரிதும் ஏற்கப்பட்ட விடை ஒன்று உண்டு. கணவர்கள் வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் இந்தியாவுக்கும் பிழைக்கப் போய்விட்டார்கள். தனித்திருக்கும் மனைவிக்குக் கருத்தடை தேவைப்படவில்லை, பிள்ளையும் பிறக்கவில்லை என்பதே அது. இந்த விடையை நான் முற்றாக மறுக்கவில்லை. ஆனால் அது இரண்டு வேறு வினாக்களை ஒன்றாகக் கட்டிவிடுகிறது. முதல் வினாவுக்கு அது பொருந்துகிறது, இரண்டாவதற்குப் போதவில்லை.

முதல் வினா, 43 ஏன் அசையவில்லை என்பது. இங்கே கணவர் பிரிவு வலுவான காரணமே. முந்தைய ஆய்வுகள் போதிய அழுத்தம் தராத ஒன்று அதை மேலும் வலுவாக்குகிறது. நேபாளத்தில் பெண் கருத்தடை அறுவை 2006-இல் 18 விழுக்காடாக இருந்து 2022-இல் 13-ஆகச் சுருங்கிவிட்டது. அறுவை செய்துகொண்டவர், கணவர் ஊரில் இருந்தாலும் கத்தாரில் இருந்தாலும், கணக்கில் 'பயன்படுத்துபவர்' தான். மாத்திரையும் ஊசியும் அப்படியல்ல. கணவர் விமானம் ஏறியதும் அவற்றை நிறுத்திவிடலாம். மணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அறுவை செய்துகொண்ட தமிழ்நாடு போன்ற ஒரு பகுதியில் இதே அளவு ஆண்கள் வெளியேறினாலும் கருத்தடை விழுக்காடு பெரிதாக ஆடியிருக்காது. ஆகவே நேபாளத்தின் தேக்கத்தைக் குடும்ப நலத் திட்டத்தின் தோல்வி என்று படிப்பது பிழை.

இரண்டாவது வினா, பிறப்புகள் ஏன் குறைந்தன என்பது. கணவர் உடனில்லாத பெண்களின் பங்கு 2011-இலும் 2016-இலும் ஏறத்தாழ மூன்றில் ஒன்றாகவே இருந்தது. அந்த ஐந்தாண்டில் கருவள வீதமோ 2.6-இலிருந்து 2.3-க்கு இறங்கியது. மாறாத ஒன்றைக் கொண்டு மாற்றத்தை விளக்க முடியாது. பிரிவு நிரந்தரமானதும் அல்ல. தசைன் திருவிழா விடுப்புக்கு வரும் கணவர் சில வாரங்கள் வீட்டில் இருப்பார். அந்தச் சில வாரங்களுக்காக ஊசிபோடத் தொடங்கும் பெண்கள் அதிகம் இருக்க வாய்ப்பில்லை. உச்சத்துக்கு முன் விலகிக்கொள்வது முதலான மரபு முறைகளைச் சார்ந்தோர் 2006-இல் 4 விழுக்காடு, 2022-இல் 15. இம்முறைகள் அடிக்கடி தவறுபவை. தவறியபின் உருவான கருக்கள் பிறப்புக் கணக்கில் ஏன் தோன்றவில்லை?

இவ்விடத்தில்தான் சர்ச்சைக்குரிய இரு சான்றுகள் எதிரெதிரே நிற்கின்றன. 2016 கணக்கெடுப்பில் பெண்கள் தாமே சொன்னபடி, முந்தைய ஐந்தாண்டுக் கருத்தரிப்புகளில் கலைக்கப்பட்டவை பத்தில் ஒன்றுக்கும் குறைவு. சுகாதார நிலையங்கள் வழியாக மறைமுகமாக மதிப்பிட்ட ஆய்வோ, 2014-இல் நடந்த கருக்கலைப்புகள் 3,23,100 என்றது. அதாவது 15 முதல் 49 வயதுவரையுள்ள ஆயிரம் பெண்களுக்கு 42. கருத்தரிப்புகளில் மூன்றில் ஒன்றை நெருங்கும் அளவு. அதே வீதம் நீடித்தால் ஒரு பெண்ணின் 35 ஆண்டு கருவளக் காலத்தில் சராசரியாக ஏறத்தாழ ஒன்றரைக் கருக்கலைப்பு. எதை நம்புவது?

கணவர் பிரிவை முதன்மைக் காரணமாக்குவோர் முதல் எண்ணை எடுத்துக்கொள்கிறார்கள். நேரடிச் சான்று என்பதே அவர்கள் காட்டும் நியாயம். ஆனால் அந்த நேரடிச் சான்று எப்படிக் கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும். முன்பின் தெரியாத கணக்கெடுப்பாளர், அடுத்த அறையில் மாமியார் இருக்கும் வீட்டில், ஒவ்வொரு கருவும் என்னவாயிற்று என்று கேட்கிறார். ஒரு மிஃபெப்ரிஸ்டோன், நான்கு மிசோப்ரோஸ்டால் என ஐந்து மாத்திரைகள் கொண்ட ஓர் அட்டையை மருந்துக்கடையில் வாங்கி, ஆறாவது வாரத்தில் வீட்டிலேயே கலைத்துக்கொண்ட பெண், அதை நாள் தள்ளிப்போய் வந்த உதிரப்போக்கு என்றோ தானாகக் கலைந்தது என்றோ சொல்லிவிடலாம், சொல்லாமலே விடலாம். 2002 சட்டத் திருத்தத்துக்கு முன் கருக்கலைப்புக்காகப் பெண்களைச் சிறையிலிட்ட நாடு அது. 2016-இலும் கருக்கலைப்பு சட்டப்படி செல்லும் என்று அறிந்த பெண்கள் பாதிக்கும் குறைவு. குற்றம் என்று நம்பும் ஒன்றை அந்நியரிடம் யார் ஒப்புக்கொள்வார்?

மறைமுக மதிப்பீடும் குறையற்றதன்று. மொத்தத்தில் 1,37,000 மட்டுமே சட்டபூர்வமாக நடந்து பதிவானவை. எஞ்சியவை, சிக்கலோடு மருத்துவமனைக்கு வந்தோரின் எண்ணிக்கையை, துறை வல்லுநர்களின் கருத்திலிருந்து பெற்ற ஒரு பெருக்கெண்ணால் பெருக்கிக் கிடைத்தவை. பெருக்கெண் சற்று மாறினால் விடை பெரிதும் மாறும். ஆயினும் பிழை எந்தப் பக்கம் சாயக்கூடும்? மாத்திரை பரவப் பரவச் சிக்கல்கள் குறைகின்றன. மருத்துவமனைக்கு வராதோர் கூடுகின்றனர். பழைய பெருக்கெண் அவர்களைக் குறைத்தே எண்ணும். இந்தியாவில் 2015-இல் நடந்ததாக மதிப்பிடப்பட்ட 1.56 கோடிக் கருக்கலைப்புகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று, சுகாதார நிலையங்களுக்கு வெளியே மாத்திரையால் நடந்தவை. அந்த மாத்திரைகள் திறந்த எல்லையைக் கடந்து நேபாளத்துக்குள்ளும் போகின்றன. எனவே 42 என்பது மிகை என்பதைவிடக் குறை என்று கொள்வதற்கே காரணம் அதிகம்.

அண்டை நாடுகளை வரிசைப்படுத்திக் கருத்தடை கூடினால் கருக்கலைப்பு குறையும் என்று விதி காணும் முயற்சியும் இங்கே உதவவில்லை. 2012-இல் பாகிஸ்தானின் கருக்கலைப்பு வீதம் ஆயிரம் பெண்களுக்கு 50, 2015-இல் இந்தியாவினது 47. கருத்தடை செய்வோரோ அங்கே 35 விழுக்காடு, இங்கே 54. வங்கதேசத்தின் 2014 வீதம் 29 என்பதை மட்டும் மேற்கோள் காட்டுவோர், 1979 முதல் அரசுத் திட்டமாக நடக்கும் மாதவிடாய்ச் சீராக்கலின் (நாள் தள்ளிப்போனவரின் கருப்பையை, கரு உண்டா என்று உறுதிசெய்யாமலே வெறுமையாக்கும் முறை) 10-ஐக் கூட்ட மறந்துவிடுகிறார்கள். கூட்டினால் அது நேபாளத்தை ஒட்டி வந்துவிடும். உயிராபத்து தவிர வேறெதற்கும் அனுமதிக்காத 1883-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம் இன்றும் நடைமுறையிலுள்ள இலங்கையை இந்த வரிசையில் சேர்ப்பதே கடினம். விதி தேடுவதைவிட, ஒவ்வொரு நாட்டிலும் தவறிய கரு எங்கே போகிறது என்று கேட்பது பயனுள்ளது.

திருமண வயது உயர்ந்ததே போதிய காரணம் என்பாருக்கு: இடைநிலைத் திருமண வயது அக்காலத்தில் ஏறத்தாழ 17-இலிருந்து 18-ஐத் தாண்டியிருக்கிறது, அவ்வளவே. முழுச் சரிவையும் அதன்மேல் ஏற்ற இயலாது. கருக்கலைப்பின் பங்கை இத்தனை விழுக்காடு என்று பிரித்துச் சொல்ல இன்றுள்ள தரவு இடம் தரவில்லை என்பதை ஏற்கிறேன். அதன் பங்கு சிறிது என்று சொல்லவும் அதே தரவு இடம் தரவில்லை.

பிரிவும் கலைப்பும் போட்டிக் காரணங்கள் அல்ல என்பதே என் முடிவு. பிரிவு பெண்ணைக் கருத்தடையிலிருந்து விலக்குகிறது. கணவர் திரும்பி வரும்போது நேரும் கரு பிறப்பாவதைக் கலைப்பு தடுக்கிறது. 2018 சட்டம் 12 வாரம்வரை பெண்ணின் ஒப்புதல் ஒன்றே போதும் என்கிறது. அரசு நிலையங்களில் சேவை இலவசம். அந்தச் சேவையைத் தேடி வருவோரில் பெரும்பாலோர் கருத்தடை அறியாதவர்கள் அல்லர், ஆண்டில் சில வாரமே அது தேவைப்படுகிறவர்கள் என்று கொண்டால், 43-ஐ 50 ஆக்கும் இலக்கைவிட, விடுப்புக் காலத்துக்கு முன்பே வீடு தேடிச் சேரும் குறுகிய காலக் கருத்தடையும், கலைப்புக்குப்பின் தரும் ஆலோசனையும் முதன்மை பெறும். அடுத்த கணக்கெடுப்பை வடிவமைப்போர், கணவர் கடைசியாக வந்து போன மாதங்களைக் கருத்தரிப்பு வரலாற்றோடு சேர்த்துக் கேட்க வேண்டும். கருக்கலைப்பை நேரடிக் கேள்வியால் மட்டும் அளப்பதைக் கைவிட வேண்டும்.