மதுக்கடையை மூடும் அதிகாரமும் கிராம சபையும்

மதுவினால் விளையும் கேட்டைக் குறைக்க அரசுக்குப் போதிய அதிகாரம் இல்லை என்ற வாதம் தமிழ்நாட்டில் எடுபடாது. 1937இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் முதலில் நடைமுறைப்படுத்திய மதுவிலக்குச் சட்டம் இன்றும் உயிரோடிருக்கிறது. அதே சட்டத்தைத் திருத்தித்தான் 2003 நவம்பரில் சில்லறை விற்பனை முழுவதும் அரசு நிறுவனமான டாஸ்மாக்கிடம் ஒப்படைக்கப்பட்டது. மது வணிகம் அடிப்படை உரிமையாகாது என்று கோடே டிஸ்டில்லரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றமும் 1994இலேயே சொல்லிவிட்டது. விலை, விற்பனை நேரம், கடை அமையும் இடம் மூன்றையும் தீர்மானிப்பது அரசே. சுவீடனிலும் சில்லறை விற்பனை அரசின் தனியுரிமைதான். ஆனால் அங்கே உடல்நலத்துக்காக ஞாயிறன்று கடை திறப்பதில்லை.

இவற்றுள் விலையை உயர்த்துவதை உலக சுகாதார நிறுவனமும் வலியுறுத்துகிறது. இங்கே அதற்கொரு எல்லை உண்டு. 2023இல் மரக்காணம் பகுதியிலும் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து இறந்தவர்களில் பெரும்பாலோர் கூலித் தொழிலாளர்கள். குவார்ட்டர் விலை ஏற ஏற, ஏழைக் குடிகாரர் பாக்கெட் சாராயத்தை நாடும் ஆபத்தும் ஏறும். ஆகவே இடம், நேரம் என்ற மற்ற இரண்டுமே நம் கிராமங்களுக்குக் கூடுதலாகப் பொருந்தும் என்பது என் கருத்து.

இட விதி என்ன சொல்கிறது? வழிபாட்டிடம், கல்வி நிலையம் ஆகியவற்றிலிருந்து நகராட்சி, மாநகராட்சிகளில் 50 மீட்டர், பிற பகுதிகளில் 100 மீட்டர். காஞ்சிபுரத்தை அடுத்த ஐயங்கார்குளத்தில் சஞ்சீவிராயர் கோயிலுக்கு இந்த விதி காவலாக நிற்கும். கோயிலுக்கு எட்டத்தில் குடியிருக்கும் வீடுகளுக்கு நிற்காது. கூலி கைக்கு வரும் இடத்துக்கும் கடைக்கும் எவ்வளவு தூரம் என்பதை எந்த விதியும் அளப்பதில்லை. அதை அறிந்தவர்கள் ஊர்ப் பெண்கள். அவர்கள் கிராம சபையில் தீர்மானம் போட்டாலும் கடையை மூடும் அதிகாரம் சபைக்கு இல்லை. ஆட்சியரின் மேசைக்குப் போகும் ஒரு கோரிக்கையாக அது நின்றுவிடுகிறது.

மகாராஷ்டிரத்தில் நிலைமை வேறு. 2008 ஆணைப்படி, ஊரின் பெண் வாக்காளர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரகசிய வாக்கெடுப்பில் வேண்டாம் என்றால் கடை மூடப்படும். நாடாளுமன்றத்தின் 1996ஆம் ஆண்டு ஊராட்சி நீட்டிப்புச் சட்டமும் பழங்குடியினர் மிகுந்த பட்டியல் பகுதிக் கிராம சபைகளுக்கு மதுவைக் கட்டுப்படுத்த இடம் தருகிறது. ஆனால் தமிழ்நாட்டில் பட்டியல் பகுதியே இல்லை.

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்து உத்திரமேரூரின் குடவோலைத் தேர்தல் முறை பற்றிய கல்வெட்டுகளை (கி.பி. 919, 921) இங்கே துணைக்கு அழைப்பது எளிது: மாபாதகங்களில் முதல் நான்கைச் செய்தவர் ஊர்ச் சபையின் வாரிய உறுப்பினராக முடியாது, மது அருந்துதல் அவற்றுள் ஒன்று. ஆனால் அது உறுப்பினரின் தனி ஒழுக்கம் பற்றிய விதி. விற்பனையைப் பற்றி அது பேசவில்லை.

மகாராஷ்டிரத்தைப் போன்ற பெண்களின் வாக்கெடுப்பு இங்கும் வேண்டும். ஓர் ஊர் மூடினால் குடிப்பவர் அடுத்த ஊருக்குப் போவார் என்ற ஆட்சேபம் நியாயமானது. ஆனால் அந்தத் தொலைவும் ஒரு தடைதான். நாலு பேரில் ஒருவர் திரும்பி நடந்தாலும் வீட்டுக்கு மிச்சம். கடை எல்லைக்கோட்டுக்கு அப்பால் போய் உட்கார்ந்துகொள்ளாதிருக்க, வாக்கெடுப்பை ஊராட்சி ஒன்றிய அளவில் இணைத்து, மூடிய ஊரைச் சுற்றிய ஊராட்சிகளில் புதுக் கடைக்கு அனுமதி மறுக்க வேண்டும். அந்த முடிவில் மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறையோடு வட்டார மருத்துவ அலுவலரின் கையெழுத்தும் இடம்பெற வேண்டும்.