வாயில் காத்த வீரர் பீற்றர் தங்கராஜ்

ஆலயத்துக்குச் செல்லும் அடியவரின் கண்கள் மூலஸ்தானத்தையே நாடிச் செல்கின்றன. வாயிலின் இருமருங்கும் தண்டேந்தி நிற்கும் துவாரபாலகரைச் சற்றே நின்று நோக்குவோர் மிகச் சிலர். உதைபந்தாட்ட மைதானத்திலும் இதுவே நிலை. கோல் போட்டவனைத் தோளிற் சுமக்கின்றனர். கோல் விழாமற் காத்தவனை மறந்துவிடுகின்றனர். அவன் ஒருமுறை தவறிவிட்டாலோ, அத்தவறு மட்டும் பல்லாண்டு நினைவில் நிற்கிறது.

நமது திருகோணமலையும் இதற்கு விலக்கன்று. மாலைவேளையிற் கடற்காற்று வீசத் தொடங்கியதும் இளைஞர் இரு கோஷ்டியாகப் பிரிகின்றனர். கோலுக்குள் நிற்க எவரும் முன்வருவதில்லை. கடைசியாக வந்தவனையோ வயதிற் குறைந்தவனையோ, “நீ போய்க் கோலுக்கு நில்லடா” என்று தள்ளிவிடுகின்றோம். நாமும் அவ்வாறு தள்ளியதுண்டு, தள்ளப்பட்டதுமுண்டு. வீடு திரும்பினாலோ, “பந்தடித்தாற் சோறு கிடைக்குமோ?” என்று பெரியோர் வினவுகின்றனர். கோல் காப்பது தாழ்ந்த இடமா? பந்து ஒருவனுக்குச் சீவனம் தருமா? இவ்விரு வினாக்களுக்கும் விடையாக அமைந்ததொரு வாழ்க்கையை இங்கு எடுத்துரைக்க விழைகின்றோம். அது ஆசியாவின் தலைசிறந்த பந்துக்காப்பாளர் எனப் போற்றப்பட்ட பீற்றர் தங்கராஜின் வாழ்க்கையாகும்.

தங்கராஜ் 1935ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் ஐதராபாத்திற் பிறந்தார். சிக்கந்தராபாத்தின் சிறு கழகங்களிற் பந்தாடிப் பழகியவர், 1953இல் இந்தியத் தரைப்படையிற் சேர்ந்தார். நீலகிரியிலுள்ள வெலிங்டனில் மதராஸ் ரெஜிமென்ட் நிலையத்தின் கோஷ்டிக்கு ஆடத் தொடங்கினார். அப்போது அவர் பந்துக்காப்பாளரல்லர்; கோல் போடும் நடு முன்னணி ஆட்டக்காரர். பின்னரே கோலுக்குள் வந்தார். பலரும் தண்டனையென எண்ணும் இடம் அவருக்குப் பட்டமாயிற்று. 1955இலும் 1958இலும் அந்த இராணுவக் கோஷ்டி புகழ்பெற்ற டியூரண்ட் கிண்ணத்தை வென்றது.

முன்னணியில் ஆடிய பழக்கம் அவருக்குப் பேருதவி புரிந்திருக்கும் என்பது நம் கருத்து. கோலின் அகலம் 24 அடி, உயரம் 8 அடி. இவ்வளவு பரந்த வாயிலை ஒரு மனிதன் கைகளால் மறைத்தல் இயலாது. ஆயினும் பந்துடன் வருபவனை நோக்கிக் காப்பாளன் சில அடி முன்சென்றால், அடிப்பவனின் கண்ணுக்கு வாயில் ஒடுங்கிவிடுகிறது. அளவுக்கு மிஞ்சி முன்சென்றாலோ பந்து தலைக்கு மேலாற் போய்விடும். எப்போது முன்செல்வது, எப்போது நிற்பது என்பதை அறிய, அடிப்பவன் உள்ளத்தை அறிதல் வேண்டும். ஆறடிக்கு மேற்பட்ட உயரமும், உயர்ந்து வரும் பந்தை எட்டிப் பற்றும் ஆற்றலும் தங்கராஜுக்கு இயல்பாகவே வாய்த்திருந்தன. காலமறியும் அறிவோ பயிற்சியால் வந்தது.

அவருடைய சர்வதேச ஆட்டத்தின் தொடக்கம் நமது நாட்டோடும் தொடர்புடையது. இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இலங்கை ஆகிய நான்கு நாடுகளும் மோதிய போட்டியொன்று 1952இற் கொழும்பில் ஆரம்பமாயிற்று. அதனாற் கொழும்புக் கிண்ணம் எனப் பெயர் பெற்றது. 1955இல் டாக்காவில் நிகழ்ந்த அப்போட்டியிலேயே தங்கராஜ் முதன்முதலாக இந்தியாவுக்காகக் களமிறங்கினார்.

மறுவருடம் மெல்போண் ஒலிம்பிக் விழா வந்தது. 1952இல் ஹெல்சிங்கியில் இந்தியர் யூகோசிலாவியாவிடம் 10–1 எனப் படுதோல்வி கண்டிருந்தனர். நான்கே ஆண்டுகளில் நிலை மாறிற்று. 1956இல் ஆவுஸ்திரேலியாவை 4–2 என வென்று அரையிறுதியை அடைந்தனர். அங்கே யூகோசிலாவியாவிடமும், மூன்றாமிடத்துக்கான ஆட்டத்திற் பல்கேரியாவிடமும் தோற்று நான்காமிடம் பெற்றனர். ஒலிம்பிக் உதைபந்தாட்டத்தில் இந்தியா எட்டிய உச்சம் இன்றுவரை அதுவே. அந்தக் கோஷ்டியில் தங்கராஜும் இருந்தார். சோவியத் நாட்டுக்காகத் தங்கம் வென்ற பந்துக்காப்பாளர் லெவ் யாஷினும் அதே விழாவிற்றான் உலகின் கவனத்தை ஈர்த்தார் என்பது இங்கு நினைக்கத்தக்கது. 1958இல் தங்கராஜ் ஆசியாவின் சிறந்த பந்துக்காப்பாளராகத் தெரிவு செய்யப்பட்டார்.

1960இல் ரோமாபுரியிலும் அவர் ஒலிம்பிக்கில் ஆடினார். ஹங்கேரி 2–1 என்றே இந்தியாவை வெல்ல முடிந்தது. பிரான்சுடன் ஆட்டம் 1–1 எனச் சமமாயிற்று. பேருவிடம் 3–1 எனத் தோல்வி. அவ்வாண்டுச் சந்தோஷ் கிண்ணப் போட்டியில் படைப்பிரிவுக் கோஷ்டிக்குத் தலைமை தாங்கி வெற்றியும் ஈட்டினார்.

அவர் வாழ்வின் பொன்னாள் 1962 செப்டெம்பர் 4ஆந் திகதி ஜகார்த்தாவில் உதயமாயிற்று. அவ்வாசிய விளையாட்டு விழாவுக்கு வர இஸ்ரேலியருக்கும் தைவான் வீரருக்கும் இந்தோனேசியா இடமளிக்கவில்லை. இதனை இந்தியப் பிரதிநிதி சோந்தி கண்டித்தமையால் மக்கள் சினங் கொண்டிருந்தனர். இறுதியாட்டத்தில் ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர் இந்தியருக்கு எதிராக ஆர்ப்பரித்தனர். எதிரியோ, முதற்சுற்றில் இந்தியாவை 2–0 எனத் தோற்கடித்த தென் கொரியா. பயிற்சியாளர் ரஹீம் தங்கராஜைக் கோலுக்குள் நிறுத்தினார். பி. கே. பானர்ஜியும், தலைக்காயத்தோடு ஆடிய ஜர்னைல் சிங்கும் முதல் இருபது நிமிடங்களுக்குள் ஒவ்வொரு கோல் போட்டனர். அதன்பின் ஒரு மணித்தியாலத்துக்கு மேலாகக் கொரியர் வாயிலை முட்டிக்கொண்டிருந்தனர். 85ஆவது நிமிடத்திலேதான் ஒரு கோல் விழுந்தது. 2–1 எனத் தங்கம் இந்தியாவுக்காயிற்று. கோல் போட்ட இருவரையும் வரலாறு பாடுகிறது. அந்த ஒரு மணித்தியாலத்தைக் காத்தவரையும் நாம் பாடுதல் வேண்டும்.

பின்னர் 1964இல் ஆசியக் கிண்ணத்தில் இரண்டாமிடம், 1967இல் அர்ஜுனா விருது எனப் புகழ் தொடர்ந்தது. கல்கத்தாவின் முகமதன் ஸ்போட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆகிய மூன்று பெருங் கழகங்களுக்கும் ஆடினார்.

இனி, பெரியோரின் வினாவுக்கு வருவோம். ஐரோப்பாவிற் போன்று ஆட்டத்தையே தொழிலாக அறிவித்துச் சம்பளம் பெறும் முறை அந்நாளில் இந்தியாவில் இருக்கவில்லை. ஒலிம்பிக் விழாவும் அத்தகையோருக்குக் கதவடைத்திருந்தது. ஆகவே படையும் ரெயில்வேயும் ஆலைகளும் ஆட்டக்காரருக்கு உத்தியோகம் அளித்தன. பந்து தங்கராஜைப் படைக்கோஷ்டியில் உயர்த்தியது. கல்கத்தாவுக்கு அழைத்துச் சென்றது. ஆட்டம் ஓய்ந்தபின் பயிற்சியாளராக்கியது. ஈற்றிற் பொக்காரோ உருக்காலை நகரில் வாழ்வளித்தது. அங்கேயே 2008 நவம்பர் 24ஆந் திகதி தமது 72ஆவது வயதில் அவர் காலமானார். பந்து அவருக்குச் சோறு போட்டது உண்மை. ஆனாற் கோடி குவிக்கவில்லை. ஒழுக்கமும் உத்தியோகமும் உடன் நின்றபடியாலேயே அச்சோறு நிலைத்தது. பெரியோர் கேட்பதிலும் நியாயமுண்டென்பதை இளைஞராகிய நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

பீற்றர் என்னும் பெயருடையார்க்கு இந்து இளைஞர் மலரில் இடமேன் என எவரேனும் வினவக்கூடும். நாம் மிஷன் பாடசாலையிற் கற்றவர். திருநீறணிந்து சென்ற எம்மைப் பந்து ஒருநாளும் வேற்றுமை பாராட்டியதில்லை. 1962இன் கோஷ்டியில் ஒரு ரஹீம், ஒரு ஜர்னைல் சிங், ஒரு பானர்ஜி, ஒரு தங்கராஜ் ஒன்றுசேர்ந்தே வென்றனர். 1897இற் கொழும்பில் வந்திறங்கிய விவேகானந்த சுவாமிகளும் இளைஞர்க்கு உடல்வலிமையே முதற்றேவை என வற்புறுத்தி, உதைபந்தாட்டத்தையும் உயர்வாகப் பேசியவரன்றோ?

1957வரை பிரித்தானியக் கடற்படை நிலைகொண்டிருந்த துறைமுகம் நமது. மாலுமிகள் கரையிறங்கிப் பந்தாடிய கதைகளை மூத்தோர் வாயிலாகக் கேட்டிருக்கின்றோம். ஏகாம்பரம் மைதானமும் மக்கெய்சர் அரங்கும் இன்றும் நமக்குண்டு. ஆகவே சங்கத்து இளைஞரிடம் ஒரு விண்ணப்பம்: அடுத்த முறை கோஷ்டி பிரிக்கும்போது, கோலுக்கு நிற்பவனை இறுதியிலன்றி முதலில் தெரிவு செய்வோம். அவன் தவறினால் ஏசாது தோளிற் கைபோடுவோம். பெரியோர்களும் ஒருநாள் மாலை மைதானத்துக்கு வந்து, அந்தப் பிள்ளையின் பின்னால் நின்று பார்ப்பார்களாக. வாயில் காப்போனின் அருமை அவ்விடத்தில் நின்றாலே விளங்கும்.