காயலான் கடைக்குப் போகாத புல்லட்

ஊருக்கு ஒரு வீட்டிலாவது இந்தக் காட்சியைப் பார்க்கலாம். மாட்டுக் கொட்டகை மூலையில், சாக்கு மூட்டைகளுக்குப் பின்னால், இரண்டு டயரும் மண்ணில் பதிந்து, சீட்டைக் கோழி கிளறி வைத்த ஒரு பழைய புல்லட். தாத்தா ஓட்டியது. எடைக்குப் போட்டால் எவ்வளவு தேறும் என்று யாராவது கேட்பார்கள். இரும்பு விலை தெரிந்த மாமா ஒருவர் கணக்கும் போட்டுச் சொல்லிவிடுவார். ஆனால் இருபது முப்பது வருடம் சும்மா நின்ற அந்த வண்டியை மறுபடி ஓட்ட முடியும். அதே வயதுள்ள வேறு பல வண்டிகளை அப்படி எழுப்புவது பெரும்பாடு. புல்லட்டுக்கு மட்டும் ஏன் இந்த யோகம்? இதற்கு விடை மெக்கானிக் கடையில் பாதியும் வியாபார சரித்திரத்தில் பாதியும் இருக்கிறது.

கதை தொடங்குவது இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில். ஊசி தயாரிப்புக்குப் பேர் போன ஊர் அது. ஊசி, பிறகு சைக்கிள், பிறகு துப்பாக்கி பாகங்கள் என்று வளர்ந்த தொழிலில் இருந்துதான் ராயல் என்ஃபீல்டு வந்தது. முதல் மோட்டார் சைக்கிள் 1901-ல். புல்லட் என்ற பெயர் 1932-ல் வந்தது. ஆனால் நம் கொட்டகையில் நிற்கும் வண்டியின் உண்மையான மூதாதை 1949-ல் விற்பனைக்கு வந்த 350 சிசி மாடல். 346 சிசி, 70 மிமீ போர், 90 மிமீ ஸ்ட்ரோக், ஒற்றை சிலிண்டர், பின்சக்கரத்துக்கு ஸ்விங் ஆர்ம் சஸ்பென்ஷன். அந்தக் காலத்துக்கு அந்தப் பின் சஸ்பென்ஷனே பெரிய விஷயம்.

சுதந்திரம் அடைந்த இந்தியாவுக்கு எல்லையில் ரோந்து போக ஒரு வண்டி தேவைப்பட்டது. 1950-களின் முற்பகுதியில் அரசு 800 புல்லட்டுகளுக்கு ஆர்டர் கொடுத்தது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. இடம் வடசென்னை திருவொற்றியூர். ஆரம்பத்தில் அங்கிருந்து வந்த பாகங்களைப் பூட்டுவது மட்டும்தான் வேலை. 1957-ல் பாகங்களைச் செய்யத் தேவையான டூலிங்கையும் ரெட்டிச் விற்றுவிட்டது. 1962 வாக்கில் முழு வண்டியும் இங்கேயே தயாரானது.

இனிமேல்தான் வேடிக்கை. ஜப்பான் வண்டிகளோடு போட்டி போட முடியாமல் பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள் தொழிலே சரிந்தது. ரெட்டிச் ஆலை 1967-ல் மூடப்பட்டது. பிராட்ஃபோர்டு ஆன் ஏவான் ஊருக்குப் பக்கத்தில் நிலத்தடியில் இயங்கிய இன்னொரு ஆலையும் 1970-ல் நின்றது. தாய்வீடு இல்லாமல் போய்விட்டது. மகள் மட்டும் திருவொற்றியூரில் அதே டிராயிங்கை வைத்துக்கொண்டு அதே வண்டியைச் செய்துகொண்டிருந்தாள். 1977-ல் அதே புல்லட் பிரிட்டனுக்கே ஏற்றுமதியானது! அங்கே பழைய புல்லட் வைத்திருந்தவர்களுக்கு மெட்ராஸில் இருந்து பாகங்கள் போயின. இயந்திரம் ஒரு கப்பலில் வந்தது, ஸ்பேர் பார்ட்ஸ் இன்னொரு கப்பலில் திரும்பிப் போனது என்று சொல்லலாம்.

போட்டி இல்லாத சந்தையில் பொருள் முன்னேறாது என்று எந்தப் பொருளாதாரப் பாடப் புத்தகமும் சொல்லும். லைசென்ஸ் ராஜ்ஜியத்தில் புல்லட்டுக்கு நடந்ததும் அதுதான். எண்ணெய் ஒழுகும் வண்டி பல வருடம் எண்ணெய் ஒழுகும் வண்டியாகவே வந்தது. வாங்கியவர்களுக்கு நஷ்டம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தத் தேக்கத்தால்தான் எழுபதுகளின் வண்டிக்குத் தொண்ணூறுகளின் பாகம் பெரும்பாலும் பொருந்துகிறது. பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் 2000-களின் முடிவு வரை உயிரோடு இருந்தது. சென்னை புதுப்பேட்டையிலும் டெல்லி கரோல் பாகிலும் இந்த வண்டிக்காகவே பிழைக்கும் கடைகள் உண்டு.

சரி, கொட்டகை வண்டிக்கு வருவோம். வண்டியைக் கண்டதும் ஆர்வக் கோளாறில் கிக்கரை உதைப்பதுதான் எல்லோரும் செய்யும் முதல் தப்பு. புல்லட்டின் எண்ணெய்த் தொட்டி தனியாக இல்லை. கிராங்க் கேஸிலேயே பின்பக்கம் வார்க்கப்பட்டிருக்கிறது. ஒரு பம்ப் எண்ணெயை அனுப்பும், இன்னொன்று திரும்ப இழுக்கும். வண்டி வருடக்கணக்கில் நின்றால் எண்ணெய் மெல்லக் கசிந்து, இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் போகும். பழைய இன்ஜினில் கனெக்டிங் ராடின் பிக் எண்டில் இருப்பது ரோலர் பேரிங் அல்ல, மிதக்கும் புஷ். எண்ணெய் இல்லாமல் அது சுற்றினால் கதை முடிந்தது. கிராங்கையே வெளியே எடுக்க வேண்டும். ஐந்து நிமிட ஆசை பெரிய செலவில் முடியும்.

ஆகவே நல்ல மெக்கானிக் முதலில் பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டு ஓரிரு நாள் அப்படியே விட்டுவிடுவார். பிறகு டாப் கியரில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றிப் பார்ப்பார். பிஸ்டன் அசைந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. பழைய எண்ணெயை வடித்துப் புதிது ஊற்றிய பின் முக்கியமான சோதனை, எண்ணெய் திரும்பி வருகிறதா என்பது. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தாலே தெரியும்.

மற்றதெல்லாம் பொறுமை. டேங்க் துரு, கார்புரேட்டர் ஜெட்டில் கோந்தாகிப் போன பெட்ரோல், எலி கடித்த ஒயர், கறுத்துப் போன பாயிண்ட். போல்ட் விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். பழைய இன்ஜினில் இருப்பது பிரிட்டிஷ் மரை. கைக்குக் கிடைத்த மில்லிமீட்டர் போல்டை முறுக்கி ஏற்றினால் அலுமினிய கேஸின் மரை போய்விடும். அறுபது வருடத் துரு செய்யாத சேதத்தை அரைமணி நேர அவசரம் செய்துவிடும்.

கிளப்புவதற்கும் ஒரு சடங்கு உண்டு. பேட்டரி, காயில் உள்ள வண்டியில் ஹெட்லைட் மேலே இருக்கும் அம்மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டே கிக்கரை மெல்ல அழுத்த வேண்டும். முள் நடுவுக்கு வந்ததும் டீ-கம்ப்ரஸர் லீவரைப் பிடித்து இன்னும் கொஞ்சம் தள்ளி, லீவரை விட்டுவிட்டு, ஒரே முழு உதை. பலம் தேவையில்லை, கணக்குதான் தேவை. கணக்குத் தப்பினால் கிக்கர் திருப்பி அடிக்கும். கெண்டைக்காலில் தழும்போடு இருக்கும் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இன்ஜின் ஓடினால் போதுமா? சாலையில் ஓட ஆர்.சி. வேண்டும். தனியார் வண்டிக்குப் பதிவு 15 வருடம்; அதன் பின் சோதனைக்குக் காட்டி 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். வண்டியைத் துடைத்து வைத்தவர்கள் பலர் புத்தகத்தைப் பத்திரமாக வைக்கவில்லை என்பதுதான் சோகம். 2021-ல் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்குத் தனி விதி கொண்டுவந்தது. 50 வயது தாண்டி, பெரிய மாற்றம் செய்யாத வண்டியாக இருக்க வேண்டும். புதிதாகப் பதிய 20,000 ரூபாய் கட்டணம், 10 வருடம் செல்லும். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். தாத்தா காலத்து எம் எழுத்து மெட்ராஸ் நம்பர் போகாது என்பதில் பலருக்கு நிம்மதி. வேகம் வேண்டும் என்று இன்ஜினையும் சேஸியையும் மாற்றியவர்களுக்குத்தான் இதில் இடமில்லை.

அந்த விதிப்படி பதிந்த வண்டியைத் தினமும் ஆபீசுக்கு ஓட்டிப் போக முடியாது. கண்காட்சி, ஊர்வலம், பெட்ரோல் போடுவது, ரிப்பேருக்குக் கொண்டுபோவது இவற்றுக்குத்தான் சாலையில் இறக்கலாம். பழைய புல்லட்காரர்கள் கடைசிக் காரணத்தைப் படித்துவிட்டுச் சிரித்திருப்பார்கள். அது அவர்களுக்கு வாரா வாரம் வரும் வேலை.