சாயவேர்: ஒரு செடியின் லாப நஷ்டக் கணக்கு

காஞ்சிபுரத்தில் பட்டு எடுக்க வருபவர்கள் "அரக்கு கலர் காட்டுங்க" என்று கேட்பதைப் பார்த்திருப்பீர்கள். மரக்கிளையில் பூச்சி உண்டாக்கும் அரக்கிலிருந்து வந்த பெயர் அது. பட்டுக்குச் சிவப்பு அரக்கு தந்தது, சரி. பருத்திக்கு யார் தந்தது?

சாயவேர் என்ற ஒரு சின்னச் செடி. சித்த வைத்தியத்தில் இதையே இம்பூறல் என்பார்கள். கடற்கரை மணலில் தானாக முளைக்கும், குட்டி வெள்ளைப் பூ பூக்கும். பார்த்தால் களை என்று மிதித்துவிட்டுப் போய்விடுவோம். விஷயம் வேரில் இருக்கிறது. ராமேஸ்வரம் தீவில் காட்டுச் செடியாகத் தோண்டி எடுத்தார்கள். சில இடங்களில் விதைத்துப் பயிரும் செய்தார்கள். ஆனால் வேர் நன்றாக முதிர இரண்டு வருஷம் ஆகும். பயிரிட்ட வேரைவிடக் காட்டு வேரில்தான் சாயம் அதிகம் என்று பேர்.

சாயம் ஏற்றுவதும் லேசான வேலை இல்லை. துணியைக் கடுக்காயிலும் பாலிலும் ஊறவைத்துக் காயவைக்க வேண்டும். பிறகு படிகாரக் கரைசலால் கோலம் எழுதி, வேர்ப்பொடி போட்ட தண்ணீரில் கொதிக்கவிட வேண்டும். படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சிவப்பு ஒட்டிக்கொள்ளும். எத்தனை முறை துவைத்தாலும் போகாது. ஐரோப்பியர்கள் மயங்கியது இந்தக் கெட்டிச் சாயத்தில்தான். கேர்தூ என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1742ல் இந்தச் செய்முறையைக் கேட்டறிந்து கடிதமாக எழுதி பிரான்சுக்கே அனுப்பினார். நம்ம ஊருக்குத் தென்கிழக்கே சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டித் துணி வியாபாரம் செய்த காலம் அது. சோழமண்டலத் துணி அங்கே அவ்வளவு விற்றதால், உள்ளூர் நெசவாளர்களைக் காப்பாற்ற பிரான்ஸ் 1686லும் இங்கிலாந்து 1700லும் தடைச் சட்டமே போட்டன. 'சாயவேர்' என்ற நம் சொல்லும் ஆங்கிலத்துக்குள் 'சே ரூட்' என்று போய்ச் சேர்ந்தது.

அப்புறம் வந்தது 1868. கிரேபே, லீபர்மான் என்ற இரண்டு ஜெர்மானிய வேதியியலாளர்கள், இந்த வேரில் இருக்கும் அலிசரின் என்ற அதே சிவப்பை நிலக்கரித் தாரிலிருந்து எடுத்துக் காட்டினார்கள். அடுத்த வருஷமே காப்புரிமை. சில ஆண்டுகளில் தொழிற்சாலைகளிலிருந்து டன் கணக்கில் வந்து இறங்கியது. விலையும் குறைவு, வேலையும் குறைவு. மதுரைச் சாயக்காரர்களும் மெல்ல மெல்ல அதற்கு மாறினார்கள்.

பி.காம். வகுப்பில் இதை 'மாற்றுப் பொருள்' என்று ஒரு வரியில் படித்துவிட்டுப் போகிறோம். தேவைக்கோடு இடப்பக்கம் நகரும், அவ்வளவுதான். நகர்ந்த கோட்டுக்குப் பின்னால் மனிதர்கள் இருக்கிறார்கள். சாயக்காரருக்கு டப்பாவில் புது சாயம் கிடைத்தது, தொழில் தொடர்ந்தது. மணலில் வேர் தோண்டிப் பிழைத்தவருக்கு? அவரிடம் இருந்த ஒரே சரக்கு அந்த வேர்தான்.

செடி மட்டும் அழியவில்லை. துணிச் சந்தை கைவிட்டபோதும் வைத்தியர்கள் விடவில்லை. இருமலுக்கு இம்பூறல் கஷாயம், இம்பூறல் வடகம் என்று சித்த மருந்துக் கடைகளில் இன்றைக்கும் பெயர் கேட்கிறது. இயற்கைச் சாயத்தில் ஆர்வம் உள்ள சிலரும் மறுபடி இந்த வேரைத் தேட ஆரம்பித்திருக்கிறார்கள்.

நான் புரிந்துகொண்டது இதுதான். ஒரே வாடிக்கையாளரை நம்பிய வேலை ஒரு தலைமுறையில் காணாமல் போனது. இரண்டு உபயோகம் இருந்ததால் செடி பிழைத்தது. தறியும் ஜரிகையுமாக ஒரே சந்தையை நம்பி இருக்கும் நம்ம ஊர் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.